படுத்தவர்கள் பதினான்கு பேர்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நாங்கள் குடியேறியிருக்கும் கிரான்பர்னின் கடைத்தொகுதியில், அரிசிப் பைகள் அடுக்கியிருக்கும் வரிசையில், என் மனைவி யோகம் நிலத்தில் படுத்துவிட்டாள்.

விழுந்தாள் என்று எழுத மாட்டேன். விழுகிறவர்கள் கையை எங்கேயாவது நீட்டுவார்கள். யோகம் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, நெஞ்சைத் தரையில் முட்டவிடாமல், காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்தபடி கிடந்தாள். ஊரில் ஷெல்லடிக்கு நாங்கள் பழகிய முறை அது. ஒரு பிசகும் இல்லை. இரண்டு பக்கமும் பாசுமதி அரிசி, நடுவில் எழுபத்துநாலு வயதுப் பெண், அதுவும் ஒரு முழங்கால் மாற்றி, ஊன்றுகோலோடு நடக்கிறவள். இரண்டு வரிசை தள்ளி ஒரு வேலையாள் பெரிய மரத்தட்டு ஒன்றைக் கைதவறிப் போட்டிருந்தான். அவ்வளவுதான் சத்தம்.

கடைக்காரர்கள் நல்லவர்கள். கதிரை கொண்டுவந்தார்கள், தண்ணீர் தந்தார்கள், அதன்பிறகு ஒரு படிவமும் தந்தார்கள். 'விபத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் ஐந்து சின்னப் பெட்டிகள்: ஈரத்தரை, தடங்கல், பாதணி, மங்கலான வெளிச்சம், வேறு. நான் பேனையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன்.

"தடக்கிப்போட்டுது எண்டு போடுங்கோ," என்றாள் யோகம். "மற்றதைச் சொன்னா உவைக்கு விளங்காது."

'வேறு' என்பதில் புள்ளடி போட்டேன். விவரிக்கச் சொன்ன கோட்டை வெறுமையாக விட்டேன். பிறகு 'கடைசிப் பெயர்' என்று கேட்டிருந்த இடத்தில் வழக்கம்போல என் தகப்பனாரின் பெயரை எழுதினேன். இந்த நாட்டுக்கு வந்ததில் இருந்து என்னை எல்லா அலுவலகங்களிலும் அவருடைய பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். செத்தும் அந்த மனிதர் வரிசையில் நின்று களைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய கிழமை முழுதும் தொலைக்காட்சியில் ஒரே செய்தி. ஒருவன் துப்பாக்கியோடு சனம் கூடிய இடத்துக்குள் போயிருந்தான். எந்த ஊர், எந்த மண்டபம் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அவனுடைய பெயரையும் எழுதப் போவதில்லை. அவன் அதை எழுதுவிக்கத்தான் போனான். என்னிடம் அது நடக்காது.

2

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு, 'முதியோர் சந்திப்பு' என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். புதன்கிழமைகளில் நகரசபையின் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, எங்களைப் போன்ற கிழடுகள் கூடுகிறோம். போர் நடந்த எங்கள் வடபகுதியாரும் உண்டு, தமிழ்நாட்டுக்காரரும் உண்டு. பத்து மணிக்குத் தேத்தண்ணி, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, நடுவில் ஒருவரை ஒருவர் குறைசொல்வது.

யோகத்துக்குப் புதன்கிழமை என்றால் முந்நூற்றுநாலு என்கிற சீட்டாட்டம். சீட்டுக்கட்டை நாங்கள் கடதாசி என்போம். நாலு பேர், இரண்டு சோடி, ஆளுக்கு எட்டுக் கடதாசி. வீரன், ஆங்கிலத்தில் ஜாக், எல்லாவற்றிலும் பெரியது. ஏலம்போலக் கேள்வி கேட்டு வென்றவர் தன் துரும்பைக் கவிழ்த்து வைத்து ஆட வேண்டும்; துரும்பு வீரனையும் வெட்டும். யோகத்தின் சோடி திருச்சி ராமமூர்த்தி. வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்று, மகனோடு இருக்க வந்தவர். எங்களிடம்தான் இந்த ஆட்டத்தைப் பழகினார். எதிர்ச்சோடி நானும் சந்திப்பின் தலைவர் செல்வரத்தினத்தாரும். நான் ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், புள்ளிவிபரப் பகுதியில் இருபத்தாறு வருடம் இருந்தவன். அதனால் இங்கே எனக்குக் கணக்கர் என்று பெயர். போன கடதாசிகளை நான் எண்ணி முடிப்பதற்குள் யோகம் வெட்டிவிடுவாள். வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வசனம் பேசுகிறவள், அந்த மேசையில் வாய் மூடமாட்டாள்.

"கணக்கர், அதைப் போடப் போறியளோ, இல்லாட்டிப் படம் எடுத்துச் சட்டம் போடப் போறியளோ?"

"ராமமூர்த்தி, நீங்கள் சிரிக்காதேங்கோ. சிரிச்சா உங்களிட்டை வீரன் இருக்கிறது அவைக்குத் தெரியும்."

"இல்லம்மா, நான் சும்மாதான் சிரிச்சேன்."

"பாத்தியளே, இல்லை எண்டு வேற சொல்லிக் குடுக்கிறியள்."

அந்தச் செய்தி வந்த மறுகிழமை செல்வரத்தினத்தார் எல்லோருக்கும் தொலைபேசியில் செய்தி அனுப்பினார். நிலைமை சீராகும்வரை சந்திப்பு நிறுத்தம், பதிலாக ஸூம். நான் அவரைக் கூப்பிட்டேன்.

"எந்த நிலைமை சீராகவேணும், தலைவர்?"

"கணக்கர், விளையாடாதேங்கோ. மண்டபத்துக்குக் கையெழுத்து வைச்சது நான். நாளைக்கு ஒண்டு நடந்தா முப்பது வீட்டுப் பிள்ளையளுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

நியாயமான கேள்விதான். அவர் கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். நானும் பயந்த மனிதன்தான். கதவு பூட்டியிருக்கிறதா என்று படுக்கும்முன் மூன்று தரம் பார்ப்பவன். ஆனால் பயப்படுகிறவன் வீட்டுக்குள்தான் இருக்கவேண்டும் என்று எனக்கு யாரும் சட்டம் காட்டவில்லை.

ஸூமில் யோகம் முதல் நாள் பதினைந்து நிமிடம் இருந்தாள். அவளுடைய சதுரத்தில் எங்கள் சமையல் குசினியின் முகடு மட்டும் தெரிந்தது. இரண்டாம் புதன் இருக்கவே இல்லை. கடைக்கு வரவில்லை, கேரம் டவுன்ஸ் கோயிலுக்கும் வரவில்லை. "முழங்கால் நோகுது" என்றாள். நாலு வசனம் இரண்டாகியது. மூன்றாம் புதன், அவள் கடதாசிக்கட்டை எடுத்து மேசையில் நாலு பேருக்கும் தானே பிரித்துப் போட்டு, சிறிது நேரம் பார்த்துவிட்டு, திரும்ப அடுக்கி உறையில் போட்டதைக் கண்டேன்.

அன்றைக்குத்தான் தீர்மானித்தேன். அந்த மண்டபத்தைத் திறப்பிக்காமல் நான் ஓய்வதில்லை.

3

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் எண்ணுவது. எனவே வாசிக்கத் தொடங்கினேன். இப்படியான சம்பவங்களைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள், பொலிசார், பத்திரிகைகள் எல்லாரும் அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஒன்றோடு ஒன்று ஒத்துவராது. ஒன்று நாலு பேர் இறந்தால்தான் எண்ணுகிறது. இன்னொன்று நாலு பேருக்குக் குண்டுபட்டாலே எண்ணுகிறது. ஒன்று வீட்டுக்குள் நடந்ததைச் சேர்க்கிறது, மற்றது சேர்ப்பதில்லை. களவு, குழுச்சண்டை என்று காரணம் தெரிந்தால் சிலர் விட்டுவிடுகிறார்கள். 'கூடுகிறதா, குறைகிறதா' என்று யாராவது கேட்டால், முதலில் 'எதை ஒன்று என்று எண்ணுகிறீர்கள்' என்று திருப்பிக் கேட்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஒரு பெரிய எண்ணைத் திரையில் போடுகிறவனைக் கச்சேரியில் என் மேலதிகாரி வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்.

ஆனாலும் எந்த அட்டவணையைப் பார்த்தாலும் திரும்பத் திரும்ப வருகிற சில விஷயங்கள் உண்டு. இவை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. பல தடவை பொலிஸ் வந்துசேர முன்பே. ஆகவே அந்தச் சில நிமிடங்களில் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. செய்கிறவன் திடீரென்று மூளை பிசகி எழும்புவதில்லை. மனக்குறை ஒன்றை வைத்துப் பெருக்கி, நாள்கணக்காகத் திட்டம் போட்டிருப்பான், பெரும்பாலும் யாரிடமாவது வாய்விட்டும் இருப்பான். கேட்டவர்கள் 'சும்மா சொல்கிறான்' என்று விட்டிருப்பார்கள். முன்பு செய்தவர்களைப் படித்து, அவர்களைப் போலப் பெயர் எடுக்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அவனுக்கு என்று ஒரு முகம் கிடையாது. நிறம், தாடி, உடுப்பை வைத்துப் பிடிக்கலாம் என்று நினைப்பது வீண். கடைசியாக, எங்களைப் போன்ற ஒருவர் வாழ்நாளில் இதைச் சந்திப்பது மிகமிக அரிது.

அரிது என்பது சைபர் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். கார் ஓடுவதும் சைபர் அல்ல. அதற்காக யாரும் ஸூமில் கேரம் டவுன்ஸுக்குப் போவதில்லை.

மகள் சுபா, தாதி, நான் வாசிப்பதைத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இதெல்லாம் வாசிச்சா ஆங்ஸைட்டிதான் வரும்."

"அது ஏற்கெனவே இருக்கு, பிள்ளை. இப்ப அதுக்கு ஒரு வேலை குடுத்திருக்கிறன்."

4

நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தேன். இசை போட்டார்கள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்ற குரலை இருபத்திரண்டு தடவை கேட்டபின், மண்டபங்களுக்குப் பொறுப்பான ஒரு பெண் வந்தாள். என் தகப்பனாரின் பெயரைச் சொல்லப் பார்த்து, பாதியில் இறங்கி, "மிஸ்டர் கே" என்றாள். நான் விளக்கினேன். அவள் மண்டபத்தை மூடச் சொல்லவில்லையாம். அவசரகாலத் திட்டம் ஒன்று எழுதி, அதை ஒரு தடவை எல்லோரும் செய்து காட்டினால் போதுமாம். திட்டத்துக்கு மூன்று சொல் போதும் என்றாள்: தப்பு, ஒளி, சொல். முடிந்தால் வெளியேறித் தப்பு, முடியாவிட்டால் ஒளி, பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் பொலிசுக்குச் சொல்.

நானும் செல்வரத்தினத்தாரும் பூட்டுத் திறப்போடு மண்டபத்துக்குப் போனோம். ஆறு வருடமாக அங்கே உளுந்துவடை தின்றிருக்கிறோம், ஒருநாளும் வாசல்களை எண்ணியதில்லை. எண்ணினேன். மூன்று.

பக்கவாசலுக்கு முன்னால் நாற்பது கதிரைகளும் யாரோ அன்பளிப்புச் செய்த ஒரு பெரிய சோற்றுப் பானையும் நின்றன. குசினி வாசல் பூட்டியிருந்தது.

"இது ஏன் பூட்டு?"

"குளிர் வருது எண்டு பொம்பிளையள் சொன்னவை," என்றார் தலைவர்.

மிச்சம் முன்வாசல். உள்ளே மேடையில் பிள்ளையார் படம் இருப்பதால் எல்லாரும் செருப்பைக் கழற்றுவோம். கழற்றுவது எங்கே? முன்வாசலின் உள்பக்கம், நிலைக்கு நேரே. முப்பது பேர் என்றால் அறுபது சப்பாத்து, ஒரு குவியலாக.

"நான் ஒரு காவல்காரனைப் போடுவம் எண்டு நினைச்சன்," என்றார் அவர். "முன்வாசல்லை நிண்டு பையைத் திறந்து பார்ப்பான். ஆளைப் பார்த்தாலே அவங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? ராமமூர்த்தியின்ரை பேரன் தாடியும் கறுத்தக் கோட்டுமாத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போக வாறவன். அவனைப் பிடிப்பானோ? ஒரு வாசல்லை காவல், மற்ற ரண்டும் பூட்டு. தலைவர், இது காவல் இல்லை, கோழிக்கூடு."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் கதிரைகளை நகர்த்த முதலில் கைவைத்ததும் அவர்தான். சோற்றுப் பானையை இருவரும் தூக்கினோம். இரண்டு பேருக்கும் இடுப்புப் பிடித்தது.

5

ஒத்திகை புதன்கிழமை பதினொரு மணிக்கு. பிறகு கடதாசி என்று சொல்லித்தான் யோகத்தைக் கூட்டிவந்தேன். நகரசபைப் பெண் ஒரு மூலையில் நின்றாள். விசில் ஊதியதும் எல்லாரும் கிட்டவுள்ள வாசலால் வெளியே போக வேண்டும் என்று தலைவர் இரண்டு தரம் விளக்கினார். பிறகு விசிலைத் தேடினார். சட்டைப் பையில் இல்லை, காரிலும் இல்லை.

"விசில் இல்லேன்னா என்ன சார்," என்றார் ராமமூர்த்தி, உதவுகிற மனிதர். குசினிக்குள் போய், சாம்பார் அண்டாவின் மூடியைத் தூக்கி, அகப்பையால் ஓங்கி அடித்தார். மூடி கைவிட்டுச் சீமெந்துத் தரையில் விழுந்து, சுழன்று, திரும்பவும் விழுந்தது.

நான் எண்ணினேன். என்னால் வேறொன்றும் செய்ய முடியாது. அன்று இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். படுத்தவர்கள் பதினான்கு பேர். இதில் முழுதாகத் தரையில் படுத்தவர்கள் ஆறு பேர்; இடுப்பு இடம் கொடாமல் குனிந்து, மேசைக்கும் கதிரைக்கும் கீழே தலையை மட்டும் கொண்டுபோனவர்கள் எட்டுப் பேர். இரண்டையும் சேர்த்துத்தான் படுத்தவர்கள் என்கிறேன். நான் எதை ஒன்று என்று எண்ணினேன் என்பதை மறைக்காமல் எழுதிவிட்டேன். பதினான்கு பேரும் எங்கள் பக்கத்தார். எட்டுப் பேர் நின்ற இடத்திலேயே நின்று "என்னாச்சு? என்னாச்சு?" என்றார்கள். அவர்கள் தமிழ்நாட்டுக்காரர், மூடியைப் போட்டவர் உட்பட. ஐந்து பேர் முன்வாசலுக்கு விரைந்து போய், குவியலுக்குள் தங்கள் சப்பாத்துச் சோடியைத் தேடத் தொடங்கினார்கள். அவர்களில் தலைவரும் ஒருவர். மூன்று பேர் வெளியே போனார்கள். அதில் ஒருவர் ஏற்கெனவே தொலைபேசி பேச வெளியே போயிருந்தவர். எண்ணிக்கொண்டு நின்றவன் ஒருவன்.

யோகம் முழுதாகப் படுத்த ஆறு பேரில் ஒருத்தி. அதே முழங்கை. அதே திறந்த வாய்.

ராமமூர்த்தி ஓடிவந்து பக்கத்தில் குந்தினார். "ஐயோ, அம்மா! மயக்கம் போட்டுட்டீங்களா? யாராவது தண்ணி கொண்டாங்க!"

"மயக்கமில்லை ராமமூர்த்தி," என்றாள் யோகம் தரையில் இருந்தபடி. "அது அப்பிடித்தான். நீங்கள் எழுப்பிவிடுங்கோ, கணக்கர் எண்ணி முடிக்கமாட்டார்."

"நீங்க ஏம்மா படுத்தீங்க?"

பதினான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சிரித்தார், இன்னொருவர் சிரித்தார், அரைவாசிப் பேர் எழும்ப முடியாமல் தரையில் கிடந்தே சிரித்தார்கள். ராமமூர்த்திக்கு மெதுவாக விளங்கியது. அகப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கைகூப்பினார். "எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாதுங்க."

நகரசபைப் பெண் சிரிக்கவில்லை. இரண்டு கிழமை தந்தாள். "அடுத்த முறை நான்தான் நேரத்தைத் தீர்மானிப்பேன், சொல்லமாட்டேன்," என்றாள். என்னிடம் தனியாக, "மிஸ்டர் கே, எண்ணுகிறவரும் வெளியே போக வேண்டும்," என்றாள்.

6

வீட்டுக்கு வந்ததும் யோகம் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். அவள் ஊற்றும்போது நான் ஆரம்பித்தேன். படுத்தால் சுடுகிறவனுக்கு இலக்கு அசையாது, ஆராய்ச்சி இப்படிச் சொல்கிறது, அட்டவணை அப்படிச் சொல்கிறது.

"நீங்கள் ஓடச் சொல்லுறியள்," என்றாள். "பள்ளிக்கூட வளவுக்குள்ளை ஷெல் விழுந்த அண்டைக்கு நாங்கள் பதினொரு பேர் நிண்டனாங்கள். எங்கடை சின்னண்ணை ஓடினவர், படலைவரைக்கும்தான் போனவர். படுத்த நான் இருந்து உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திறன். உங்கடை அட்டவணையிலை சின்னண்ணை எங்கை?"

அவள் சொன்னது சரி. அந்தப் பாடத்தை அவள் உடம்பு படித்தது வாசித்து அல்ல.

எங்கள் பேத்தி மீராவுக்குப் பத்து வயது. மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நாங்கள் தமிழில் பேசுவது அவளுக்கு விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். தலையைத் தூக்காமல் சொன்னாள்: பள்ளியில் அவர்களும் இது செய்கிறார்களாம். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மேசைக்குக் கீழே சத்தம் போடாமல் இருக்க வேண்டுமாம். முற்றத்துக்குள் கடிக்கிற நாய் வந்துவிட்டால் என்று ரீச்சர் சொல்வாராம்.

"நாயோ?" என்றாள் யோகம்.

"நாய் இல்லை என்று எங்களுக்குத் தெரியும், அம்மம்மா," என்றாள் மீரா, ஆங்கிலத்தில். "ஆனால் நாங்கள் அதைச் சொன்னால் ரீச்சருக்கு அழுகை வரும்."

நாங்கள் கப்பல் ஏறி, விமானம் ஏறி, இருபது படிவம் நிரப்பி இங்கே வந்தது மேசைக்குக் கீழே ஒளியத் தெரியாத பிள்ளைகளை வளர்க்கத்தான். பிள்ளை எங்களுக்கே சொல்லித் தருகிறது.

அதன்பிறகு யோகமே என்னைக் கேட்டாள், கடதாசி மேசையில் கேட்கிற குரலில். "சரி. ரண்டுக்கும் என்ன வித்தியாசம், ஒரு வசனத்திலை சொல்லுங்கோ. அட்டவணை வேண்டாம்."

யோசித்தேன். "ஷெல் மேலாலை வந்தது, யோகம். எங்கை விழும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, அதாலை படுத்தம். இது வாசலாலை வரும். எந்த வாசல் எண்டு கண்ணுக்குத் தெரியும்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவும்போது சொன்னாள்: "அப்ப மற்ற வாசலாலை போகவேணும். இதைச் சொல்ல உங்களுக்கு மூண்டு கிழமையோ?"

7

அடுத்த இரண்டு கிழமையும் செல்வரத்தினத்தாரும் நானும் சண்டை பிடித்தபடி வேலை செய்தோம். செருப்புத் தட்டு முன்வாசலை விட்டுப் பக்கச் சுவருக்குப் போனது. குசினிப் பூட்டைக் கழற்றி, உள்ளே இருந்து தள்ளினால் திறக்கிற கொண்டி போட்டோம். குளிருக்கு அடியில் ஒரு துணிச்சுருள். சாம்பார் மூடியை ராமமூர்த்தி தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். சத்தம் என்றால் விசிலும், ஒரு மனிதக் குரலும்: "வெளியே!" காவல்காரன் இல்லை. பையைத் திறந்து பார்ப்பதும் இல்லை. யாராவது தன் வாயால் பயங்கரமாக எதையாவது சொன்னால், சும்மா சொல்கிறான் என்று விடாமல் எங்களிடமோ பொலிசிடமோ சொல்லுங்கள் என்று மட்டும் தலைவர் எல்லாருக்கும் சொன்னார். நன்றாகச் சொன்னார். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

செருப்பில்தான் கடைசிச் சண்டை.

"விசில் கேட்டா செருப்பை விட்டிட்டு ஓடவேணும்," என்றேன்.

"இந்த நாட்டு ஆடி மாதக் குளிரிலையோ? வெறுங்காலோடையோ? நியூமோனியா வரும்."

"நியூமோனியாவுக்கு மருந்து இருக்கு, தலைவர்."

இரண்டாவது கிழமைப் புதன் யோகம் கேள்வி கேட்டு வென்றிருந்தாள். துரும்பைக் கவிழ்த்து வைத்தாள். நான் எட்டுக் கடதாசியையும் விசிறிபோலப் பிடித்து, எதைப் போடுவது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மழை தூறியது. நகரசபைப் பெண் எப்போது வந்து பக்கவாசலில் நின்றாள் என்று நான் காணவில்லை.

விசில். "வெளியே!"

எல்லாரும் ஒரேயடியாக எழும்பினார்கள். ராமமூர்த்தியின் இரும்புக் கதிரை பின்னால் சரிந்து தரையில் அறைந்தது. சாம்பார் மூடிக்குக் குறையாத சத்தம்.

யோகத்தின் முழங்கால் மடிந்தது. கண்டேன். ஒரு கை மேசை விளிம்பில், மற்றது காதுக்குப் போகிறது, வாய் திறக்கிறது. நான் என் கடதாசிகளைப் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். அவள் மேசையைப் பிடித்தபடி அரைவாசி குனிந்து நின்றாள். தரையைப் பார்த்தாள். பிறகு பக்கவாசலைப் பார்த்தாள். அங்கே விசிலோடு அந்தப் பெண். பிறகு குசினிப் பக்கம் பார்த்தாள்.

காதுக்குப் போன கையைக் கீழே இறக்கி, தன் கடதாசிகளை ஒன்றாகத் தட்டி, கவிழ்த்து வைத்த துரும்பையும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "என்னப்பா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? நடவுங்கோ!"

முதல் தரம் படுத்தவர்களில் பலர் குனிந்தார்கள். அவர்களைத் தோளில் தட்டித் தட்டி, "மேலாலை இல்லை, மேலாலை இல்லை, வாங்கோ" என்று சொல்லிக்கொண்டு யோகம் ஊன்றுகோல் இல்லாமல் குசினிக்குள்ளால் போனாள். "மேலாலை இல்லை" என்பது மற்றவர்களுக்கு எப்படி விளங்கியதோ தெரியாது. விளங்கியது. எழும்பினார்கள்.

வாகனத் தரிப்பிடத்துக்கு அப்பால், விளையாட்டுத் திடலின் வேலியோரம் யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே கூடினோம். ஈரப்புல்லில் காலுறையோடு முப்பத்தொரு கிழடுகள். செல்வரத்தினத்தார் தன் புதுத் தோல்சப்பாத்து இருந்த திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். நான் எண்ணினேன். இம்முறை வெளியே நின்று எண்ணினேன். முப்பத்தொன்று. ஒருவரும் உள்ளே இல்லை. நகரசபைப் பெண் மழையில் நனைந்த தாளில் கையெழுத்துப் போட்டு, "புதன்கிழமைகள் உங்களுடையவை, மிஸ்டர் கே," என்றாள். என் தகப்பனார் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

"எல்லாரும் நனைஞ்சிட்டம், இண்டைக்கு இதோடை வீட்டை போவம்," என்றார் தலைவர்.

"ஆர் போறது?" என்றாள் யோகம். எட்டுக் கடதாசியும் அவள் நெஞ்சோடு அணைந்திருந்தன, முகம் உள்பக்கமாக. ஒரு மழைத்துளி படவில்லை. "ஆட்டம் முடியேல்லை."

"யோகம் அக்கா, நாங்கள் எங்கடை கடதாசியை அப்பிடியே போட்டிட்டெல்லோ ஓடினனாங்கள். திருப்பிப் பிரிப்பம்," என்றார் தலைவர்.

"ஓம், போட்டிட்டுத்தான் ஓடினனியள். நிமித்திப் போட்டிட்டு. நான் போகேக்கை பாத்துக்கொண்டுதான் போனனான். அதுக்கு நான் என்ன செய்யிறது?"

ராமமூர்த்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மா, அந்த நேரத்துலயுமா?"

முப்பத்தொரு பேரும் அதே வாசலால் உள்ளே போனோம். நான் அதையும் எண்ணினேன். நான் வாசித்த எந்த அட்டவணையிலும் அப்படி ஒரு நிரல் இல்லை: திரும்பி உள்ளே போனவர்கள். இனி யாராவது அட்டவணை போடுவதென்றால் அதற்கும் ஒரு கோடு கீறட்டும். எங்கள் மண்டபத்துக்கு நான் தருகிறேன் எண்ணிக்கை, ஒவ்வொரு புதனும்.

ஈரக் காலுறைகளை வெப்பமூட்டியில் காயப்போட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்தோம். யோகம் துரும்பைப் பழையபடி கவிழ்த்து வைத்தாள்.

"கணக்கர், உங்கடை முறை. எண்ணினது காணும், போடுங்கோ."

என்னிடம் இருந்த ஒரே வீரனைப் போட்டேன்.

வெட்டினாள்.